கையைக் கடிக்காத விலையில் துவக்குத் தாங்கியும் வைஸும்: மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு முழுமையான வழிகாட்டி

இலக்குச் சுடுதலில் புதிதாக இறங்குகிறவர்கள் காசு முழுவதையும் துவக்கிலும் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் கண்ணாடியிலும் கொட்டிவிடுவார்கள். அதை எதில் வைத்துச் சுடுவது, எதில் வைத்துத் துடைப்பது என்ற கேள்வி வரும்போது கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அப்புறம் தலையணையில் வைத்துச் சுடுவார்கள், மடியில் வைத்துத் துடைப்பார்கள், குறி தவறினால் சன்னத்தைக் குறை சொல்வார்கள். இணையத்தில் தேடினால் கண்ணில் படுவதெல்லாம் கோல்ட்வெல், டிப்டன், எம்டிஎம் என்று அமெரிக்கப் பெயர்கள். சாமான் நல்லதுதான். ஆனால் அனுப்புகூலியையும் சுங்க வரியையும் சேர்த்துப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும்.

என் கட்சி இதுதான்: பக்கத்தில் ஒரு தையல்காரர், ஒரு ஓடாவி (தச்சர்), ஒரு ஹாட்வெயார் கடை இருந்தால் முக்கால்வாசி வேலை உள்ளூரிலேயே முடியும். மிச்சத்தை மட்டும் வாங்கினால் போதும்.

கழகத்தில் எயார் ரைபிளோ பொயின்ட் டூ டூ (.22) ரைபிளோ சுடுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பயிர்க் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கும் வயற்காரருக்கு வைஸ் பற்றிய பகுதி மட்டும் உதவும்.

தாங்கி வேறு, வைஸ் வேறு

தாங்கி சுடும் நேரத்துக்கு. துவக்கு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி உட்கார வேண்டும். சுட்டவுடன் அது தன்பாட்டில் அசைந்துகொள்ளவும் இடம் வேண்டும். வைஸ், அதாவது இறுக்கிப் பிடிக்கும் கருவி, சுடாத நேரத்துக்கு. குழல் துடைக்கும்போதும், ஸ்கோப் பூட்டும்போதும், ஆணி இறுக்கும்போதும் துவக்கு அசையவே கூடாது. ஒன்றுக்கு அசைவு வேண்டும், மற்றதற்கு அசைவு ஆகாது. இரண்டுக்கும் ஒரே சாமான் என்று விற்கிறவற்றை வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள். வைஸில் இறுக்கிவைத்துச் சுடுவதோ கூடவே கூடாது. உதை போக வழியில்லாமல் துவக்கின் மரக்கட்டையின் மணிக்கட்டுப் பகுதியில், அதாவது கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில், கீறல் விழும். ஸ்கோப் பூட்டுகளும் தளரும்.

கடதாசி வேலை

நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் துவக்குகள் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உங்களிடம் இருப்பது எந்த வகைக்குள் வருகிறது, எங்கே சுடலாம், எப்படிக் கொண்டுபோகலாம் என்பதைக் கச்சேரியிலும் உங்கள் பிரிவுப் பொலிஸ் நிலையத்திலும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். எயார் ரைபிள்தானே என்று விட்டுவிட வேண்டாம். நம் பக்கத்தில் துவக்கு என்ற சொல்லே இன்னமும் வயிற்றைக் கலக்கும். அயலவர் கண்ணில் படும்படி முற்றத்தில் வைத்துத் துடைப்பதும், உறை போடாமல் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவதும் சட்டம் எப்படியிருந்தாலும் மரியாதையில்லாத வேலை.

தாங்கியும் வைஸும் ஆயுதங்களல்ல. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் பெட்டியின் மேல் துவக்குப் படம் இருக்கும், சுங்கத்தில் கேள்வி வரலாம். பற்றுச்சீட்டும் சாமானின் படமும் கையில் இருக்கட்டும்.

முதற்படி: உங்கள் துவக்கின் குணம்

எந்தத் தாங்கி என்பது துவக்கைப் பொறுத்தது. இதைத் தெரியாமல் காசு செலவழித்தால் வீண்.

சுருள்வில் எயார் ரைபிள், அதாவது குழலை மடக்கி ஏற்றும் வகை, எல்லாவற்றிலும் பிடிவாதமானது. விசையை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் முன்னே பாயும், துவக்கு பின்னே உதைக்கும். பிஸ்டன் முன்னே போய் முட்டியதும் துவக்கு முன்னே இழுக்கும். சன்னம் குழலுக்குள் இருக்கும்போதே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். ஆகவே தாங்கி கடினமாக இருந்தால் துவக்கு அதில் துள்ளி, குறி வேறெங்கோ போகும். இதற்குத்தான் பீரங்கிப் பிடி என்ற முறை இருக்கிறது. முன்கட்டையின் கீழே திறந்த உள்ளங்கை, உள்ளங்கைக்குக் கீழே மணல் பை. விரல்களால் பற்றக் கூடாது. தோளிலும் அழுத்தக் கூடாது, தொட்டால் போதும். பீரங்கி தன் வண்டியில் பின்னுக்குப் போவதுபோல் துவக்கு கையில் வழுக்கிப் போகட்டும். முன்கட்டையில் கை எந்த இடத்தில் இருந்ததோ அடுத்த முறையும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஒரு விரற்கடை தள்ளினாலும் குறி மாறும். அடையாளத்துக்குச் சிறு காகித ஒட்டு ஒட்டிக்கொள்ளலாம். இந்த வகைத் துவக்குக்கு விலையுயர்ந்த இரும்புத் தாங்கி தேவையில்லை. இருந்தால் கெடுதலும் கூட.

காற்றை முன்கூட்டியே உருளையில் அடைத்துவைக்கும் பிசிபி வகைக்கு உதை மிகக் குறைவு. நேராகப் பையில் வைத்துச் சுடலாம். முன்கட்டை பையில் இருக்கட்டும், குழலையும் காற்று உருளையையும் தாங்கி தொட வேண்டாம். பொயின்ட் டூ டூ ரைபிளுக்கும் இதே விதிதான். குழல் எதிலாவது சாய்ந்தால் அதன் அதிர்வு மாறும், சன்னம் போகும் இடமும் மாறும்.

போட்டிக்குப் பழகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டி நின்றுகொண்டு சுடுவது. தாங்கி வைத்துச் சுட அங்கே இடமில்லை. இலங்கையின் தெஹானி எகொடவெல டோக்கியோ 2020 ஒலிம்பிக்கில் சுட்டது இந்தப் போட்டியில்தான். இலக்கின் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர்ப் பொட்டு. அப்படியானால் தாங்கி எதற்கு? சன்னம் தேர்வதற்கு. உங்கள் குழலுக்கு எந்தச் சன்னம் பிடிக்கிறது என்பதை நின்று சுட்டுக் கண்டுபிடிக்க முடியாது. கையின் நடுக்கம் சன்னத்தின் குறையை மறைத்துவிடும்.

இரண்டாம் படி: பை தைப்பது

காசைப் பொறுத்தவரை மணல் பையை மிஞ்சிய தாங்கி இல்லை. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அதைச் சரியாகச் செய்யத்தான் கொஞ்சம் விஷயம் தெரிய வேண்டும்.

முதலில் மணல். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ கடற்கரை மணலை அள்ளிக் கட்டிவிடத் தோன்றும். வேண்டாம். கடல் மணலில் உப்பு இருக்கும், உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் அந்தப் பை வியர்க்கும், மேலே வைத்த இரும்பில் துரு பூக்கும். கட்டட வேலைக்கு வரும் ஆற்று மணலில் ஒரு வாளி கேட்டு வாங்குங்கள். அரித்து, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, உரப்பையில் பரப்பி நல்ல வெயிலில் காயவிடுங்கள். உள்ளங்கையில் எடுத்துப் பிடித்துவிட்டால் கட்டிப்படாமல் உதிர வேண்டும். அதுதான் பதம்.

மணல் கனம். காய்ந்த மணல் லீற்றருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். முன் பைக்கு அந்தக் கனம் வேண்டும், மூன்று நான்கு லீற்றர் போடுங்கள். பின் பைக்கு அவ்வளவு கனம் தேவையில்லை, கையால் பிசைந்து உயரத்தைத் திருத்தத்தான் அது இருக்கிறது. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி ஆலைகளில் உமி தாராளமாகக் கிடைக்கும். ஆனால் உமி மட்டும் அடைத்தால் பொசுக்கென்று அமுங்கிவிடும், லீற்றர் 100 கிராம் அளவுதானே. பாதி மணல், பாதி உமி கலந்தால் பிடிக்கவும் நன்றாயிருக்கும், தூக்கவும் சுகம். அரிசியோ பயறோ போடச் சொல்கிற வழிகாட்டிகள் உண்டு. வண்டும் எலியும் இல்லாத நாட்டுக்கு அது சரி. தவிடு கலந்த உமியும் அப்படித்தான், புடைத்துவிட்டுப் போடுங்கள்.

துணிக்கு வருவோம். உள்ளே ஒரு பை, வெளியே ஒரு பை என்று இரண்டாகத் தைப்பது நல்லது. உட்பை நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொடி மணல் கசிந்து துவக்கின் விசைக்குள் போகும். மருதமுனைக் கைத்தறித் துணியில் கனமானதை இரண்டு மடிப்பாகப் போட்டால் போதும். வெளிப்பைக்குப் பழைய டெனிம் காற்சட்டைக் கால் அருமையான சாமான். கூடாரக் கன்வஸும் ஆகும். உரப்பையை வெளியே போட வேண்டாம், வழுக்கும், வெயிலில் இற்றும். தையல்காரரிடம் இரட்டைத் தையல் கேளுங்கள், தைத்தபின் மறுபக்கம் திருப்பச் சொல்லுங்கள். ஒரு முனையை நான்கு விரல் அகலத்துக்குத் திறந்து விட்டால் நிரப்பியபின் கையால் தைத்து மூடலாம்.

முழுக்க அடைத்து உரல்போல் ஆக்கிவிடாதீர்கள். ஐந்தில் நாலு பங்கு நிரப்பி, நடுவில் கையின் ஓரத்தால் ஒரு வெட்டு வெட்டினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்க வேண்டும். துவக்கு அந்தப் பள்ளத்தில் உட்காரும்.

மூன்றாம் படி: உயரம்

மேசைக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பையால் மட்டும் நிரப்ப முடியாது. முன் பைக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். அதன்மேல் அரை அங்குலப் பலகைத் துண்டுகளைக் கூட்டிக் குறைத்து உயரத்தைச் சரிக்கட்டலாம். பெரிய மாற்றம் பலகையால், சின்ன மாற்றம் பின் பையைப் பிசைவதால். திருகு வைத்த இரும்புத் தாங்கி செய்வதும் இதைத்தான்.

கடையில் வாங்குவதானால் எதை? இரண்டு கால் பைபொட் படுத்துச் சுடுகிறவர்களுக்கு உதவும். ஆனால் சுருள்வில் எயார் ரைபிளில் பூட்டினால் குறி அலையும். பிளாஸ்ரிக் ஒற்றைத் தாங்கிகள் மலிவு. பிசிபிக்கும் பொயின்ட் டூ டூவுக்கும் போதுமானவை, ஆனால் கனமில்லாததால் மேலே ஒரு சிறு மணல் பை வைக்க வேண்டிவரும். பாரம் ஏற்றி உதையை முழுக்க விழுங்கும் சட்டகங்கள் பெருந்துவக்குகளுக்காகச் செய்தவை. எயார் ரைபிளுக்கு அதை வாங்குவது வீண் செலவு.

நான்காம் படி: சோதனை

மேசை ஆடக்கூடாது. கால் ஆடும் மேசையில் எந்தத் தாங்கியும் வேலை செய்யாது. நிலம் சமமில்லாத இடத்தில் மூன்று கால் மேசை ஆடாமல் நிற்கும்.

சுட முன்பே முதற் சோதனையைச் செய்யலாம். துவக்கு வெறுமையாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு, அதைப் பைகளில் வைத்துக் குறியை இலக்கில் நிறுத்துங்கள். பிறகு கையை எடுங்கள். குறி அப்படியே நின்றால் சரி. ஒரு பக்கம் வழிந்தால் பையின் பள்ளம் கோணல், அல்லது உங்கள் தோள் துவக்கைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டாவது சோதனை சுடுகளத்தில். ஐந்து சன்னம் சுடுங்கள். துவக்கை முழுதாக எடுத்து அப்பால் வைத்து, எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். மீண்டும் வைத்து, அதே புள்ளிக்கு இன்னும் ஐந்து. இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் தாங்கி தேறிவிட்டது. தனித்தனியே இறுக்கமாக இருந்தும் இரண்டும் வேறு வேறு இடத்தில் விழுந்தால், நீங்கள் துவக்கை வைக்கும் விதம் மாறுகிறது என்று அர்த்தம். துவக்கில் குறையில்லை, ஸ்கோப்பைத் திருகத் தொடங்கிவிட வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த களத்தில் இந்தச் சோதனையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மத்தியானக் காற்றில் எயார் ரைபிள் சன்னம் பக்கவாட்டில் ஒதுங்கும், தாங்கிமேல் பழி விழும்.

ஐந்தாம் படி: வைஸ்

துடைக்கவும் பூட்டவும் உண்மையில் வேண்டியது ஒரு மரத் தொட்டில். அடிப்பலகை ஒன்று, அதன்மேல் நிமிர்ந்த இரண்டு பலகை. முன்னதில் யூ வடிவ வெட்டு, பின்னதில் வீ வடிவ வெட்டு. அடிப்பலகை இரண்டேகால் அடி நீளம், எட்டு அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு. நிமிர்ந்தவை இரண்டுக்கும் இடையே ஒன்றேகால் அடி, விசைக் காவல் நடுவில் தொங்க இடம் வேண்டும். பின்பலகை முன்னதைவிட ஒரு அங்குலம் உயரமாக இருக்கட்டும். இந்த ஒரு அங்குலம் முக்கியம். குழலின் வாய் கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் துடைக்கும் திரவம் வாய்ப்பக்கமாக வழியும். இல்லாவிட்டால் பின்னோக்கி வந்து விசைக்குள்ளும் கட்டைக்குள்ளும் இறங்கும்.

மரம் தேக்கு வெட்டுத்துண்டு கிடைத்தால் நல்லது, மகோகனி, பலா ஆகும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை மாரி மழைக்கு ஊதிவிடும்.

ஓடாவிக்கு அளவு கொடுப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. துவக்கைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போகக் கூடாது. கல்முனையில் எனக்குத் தொட்டில் செய்து தந்த ஓடாவிக் காக்கா முதற் பேச்சிலேயே சொன்னது இதுதான்: “தம்பி, சாமான இஞ்ச கொண்டு வராத. அட்டைய வெட்டித் தா, மரத்த நான் பாக்கன்.” வீட்டில் சப்பாத்துப் பெட்டி அட்டையை முன்கட்டைக்கு நேரே பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, கட்டை இடைவெளியின்றி உட்காரும்வரை திருத்துங்கள். பின்கட்டைக்கும் ஒன்று. எது முன், எது பின், எது மேல் என்று பேனையால் எழுதிவிடுங்கள். அந்த இரண்டு அட்டையோடு போனால் போதும். மெத்தை வைக்க இரு பக்கமும் கால் அங்குலம் கூட வெட்டச் சொல்லுங்கள். காக்கா அட்டையைப் பலகையில் வைத்துக் கோடு கீறியபின் வெட்டின் விளிம்புகளை அரத்தால் உருட்டிவிட்டார். நான் கேட்கவில்லை. கூர் விளிம்பு கட்டையில் கோடு விழுத்தும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மெத்தைக்குப் பழைய சைக்கிள் டியூப் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அது நேராகப் பட்டால் சில வார்னிஷில் கறுப்புக் கறை விடும். டியூபின்மேல் பருத்தித் துணி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். துவக்கை இறுக்க முன்பலகையில் ஒரு கன்வஸ் பட்டி, அல்லது பிடிகொழுவி (வெல்க்ரோ) நாடா போதும்.

இரும்பு வைஸ் தேவையா? சிறு பாகங்களுக்கு அரம் போடவும், இறுகிப்போன பூட்டைக் கழற்றவும் உதவும். முழுத் துவக்கையும் பிடிக்க அதை வாங்காதீர்கள். வாங்கினால் நான்கு அங்குல வாய், அசையாத அடி. சுழலும் அடி உள்ளது விலையும் கூட, ஆட்டமும் கூட. கடையில் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், இடையில் ஒளி கோணலாகத் தெரிந்தால் வேண்டாம். பாதி திறந்து, நகரும் தாடையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பழைய வைஸ்கள் பலவேளை புதிய மலிவுச் சாமானைவிடத் திறம். வெடிப்பு இருக்கிறதா என்று அறியச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது, சத்தம் அமுங்கிப்போனால் விட்டுவிடுங்கள். தாடைகளுக்கு மரக்கட்டையோ தோலோ வைத்துத்தான் எதையும் பிடிக்க வேண்டும்.

எதைப் பிடிக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். குழலை வேண்டாம். பிசிபியின் காற்று உருளையைச் சத்தியமாக வேண்டாம், அதற்குள் 200 பார் அழுத்தம் இருக்கலாம். சுருள்வில் துவக்கை வைஸில் பூட்டி உள்ளே பிரிக்கவும் வேண்டாம். சுருள் அழுத்தத்தோடு இருக்கும், அதைக் கழற்றத் தனிக் கருவி உண்டு. அது இல்லாதவர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

ஆறாம் படி: தொட்டிலில் செய்யும் வேலை

துவக்கைத் தொட்டிலில் வைக்க முன் வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். சன்னப் பெட்டி அந்த மேசையில் இருக்கவே கூடாது. ஸ்கோப் பூட்டும்போது ஸ்பிரிட் லெவலால் துவக்கை முதலில் நிமிர்த்துங்கள், பிறகு ஸ்கோப்பை. வளைய ஆணிகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 2 நியூட்டன் மீற்றர் அளவு போதும், அலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து விரலால் இறுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும்.

எண்ணெயில் கவனம். தேங்காயெண்ணெய் காலப்போக்கில் பசையாகிப் பிடிக்கும். சுருள்வில் எயார் ரைபிளின் காற்றறைக்குள் சாதாரண இயந்திர எண்ணெய் போனால், பிஸ்டன் அழுத்தும் வேகத்தில் காற்றுச் சூடேறி எண்ணெய் வெடிக்கும். டீசல் எஞ்சினில் நடப்பது அதுதான். வெளிப்புற இரும்புக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, உள்ளே கைநூல் சொன்னது மட்டும். எயார் ரைபிள் குழலுக்குள் இரும்புத் தூரிகை விட வேண்டாம். சன்னம் ஈயம், ஆகவே வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது.

உப்பும் மழையும்

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் இது தனிப் பிரச்சினை. துவக்கைத் தாங்கியிலோ தொட்டிலிலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். மெத்தையும் நுரையும் தோலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அது பட்ட இடத்தில்தான் முதலில் துரு வரும். ஐப்பசி தொடங்கி மாரி முடியும்வரை வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பூட்டிய பெட்டியில் வையுங்கள், சன்னம் வேறு பெட்டியில். கச்சான் காலத்தில் வேறு கதை. மரம் காய்ந்து சுருங்கும், கட்டையைப் பிடிக்கும் ஆணிகள் தளரும். நேற்றுவரை ஒரே துளையில் விழுந்த சன்னம் இன்று சிதறினால் முதலில் அந்த ஆணிகளைப் பாருங்கள்.

பைகளை மழைக்காலத்தில் நிலத்தில் வைக்காதீர்கள், ஒரு றீப்பையாவது கீழே போடுங்கள். மழை விட்ட நாளில் வெயிலில் போட்டெடுங்கள். பையைத் தூக்கும்போது உள்ளே மணல் கட்டியாய் உருண்டால் தையலைப் பிரித்துக் கொட்டிக் காயவைப்பதைத் தவிர வழியில்லை. அதற்காகத்தான் ஒரு முனையைக் கையால் தைக்கச் சொன்னேன்.